பேப்பூரில் உரு கட்டும் கரையோரம்: நடந்து பார்த்ததும் கற்றுக்கொண்டதும்

கோழிக்கோட்டுக்குத் தெற்கே பத்துப் பதினோரு கிலோமீட்டரில், சாலியாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிற சின்னத் துறைமுகம் பேப்பூர். நிமிர்ந்து பார்க்கிற மாதிரி கோட்டையோ அரண்மனையோ அங்கே கிடையாது. அதனால் கோழிக்கோடு சுற்ற வருகிற வண்டிகள் பெரும்பாலும் சாயங்காலம் நேராகப் புலிமுட்டுக்குப் போய்விடும். முகத்துவாரத்தில் கடலுக்குள் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் கொட்டிப் போட்டிருக்கிற அலைத்தடுப்புக்கு உள்ளூரில் அப்படித்தான் பெயர். சூரியன் இறங்குவதைப் படம் எடுத்துவிட்டு, கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டே கிளம்பிவிடுவார்கள். அதே ஆற்றின் கரையில் கொஞ்சம் உள்ளே போனால், கொட்டகைக்கு அடியில் நூறு, நூற்றைம்பது அடி நீளத்துக்கு மரக்கப்பல் கட்டிக்கொண்டிருப்பார்கள் என்பது பலருக்குத் தெரியாமலே போகிறது. அரபுக் கடலைத் தாண்டி வியாபாரம் செய்வதற்காகப் பல நூற்றாண்டுகளாக இந்தக் கரையில் கட்டிவரும் அந்தக் கப்பல்தான் உரு.

இந்த ஊரை விஷயம் தெரிந்த ஒருவரோடு நடந்துதான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இங்கே பார்க்க வேண்டியது எதையும் பலகையில் எழுதி மாட்டி வைக்கவில்லை. எல்லாம் யாரோ ஒருவர் கையிலும் நினைவிலும் இருக்கிறது. அவரோடு பழக்கம் உள்ளவர் கூட வந்தால்தான் அது நமக்குக் காணக் கிடைக்கும்.

நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா பொள்ளாச்சிப் பக்கம் வாழ்நாள் முழுக்கத் தச்சு வேலை பார்த்தவர். கதவு நிலை, ஜன்னல், கட்டில், கோயில் வாகனத்துக்கு மராமத்து என்று அவர் கை படாத மர வேலை குறைவு. கப்பல் வேலையை மட்டும் அவர் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. எங்களை நடத்திக் கூட்டிப்போனவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர், பிறந்து வளர்ந்தது எல்லாம் பேப்பூர். ஊரே அவரை மாஷ் என்றுதான் கூப்பிடுகிறது, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ஆறேழு பேருக்கு மேல் ஒரு தடவைக்குக் கூட்டிப்போவதில்லை என்று போனிலேயே சொல்லிவிட்டார். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் பட்டறைக்குள் வேலை நின்றுவிடும், வேலை நின்றால் அடுத்த தடவை உள்ளே விட மாட்டார்கள் என்றார். வழிகாட்டி தேடும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: எத்தனை பேரைக் கூட்டிப்போவீர்கள்? அப்புறம், பட்டறையில் மேஸ்திரியை நேரில் தெரியுமா? இரண்டுக்கும் சரியான பதில் வரவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். நாங்கள் அங்கே நின்றபோது ஒரு பஸ் கூட்டம் வந்தது. வழிகாட்டி வெளியே நின்றபடியே "இது உரு, மரத்தால் செய்வது" என்று மைக்கில் சொல்ல, எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார்கள். அவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு அது போதாது.

மாஷ் பட்டறைக்குப் போகும் முன் எங்களை ஆற்றங்கரையில் நிறுத்தினார். எல்லோரும் கடலைப் பார்த்து மேற்கே திரும்பி நின்றோம். அவர் கிழக்கே கையைக் காட்டி, கப்பல் அங்கிருந்துதான் வருகிறது என்றார். சாலியாறு பிறப்பது நீலகிரி மாவட்டத்தில், சேரம்பாடிப் பக்கத்து மலையில். அங்கிருந்து நிலம்பூர்க் காடுகள் வழியாக இறங்கி, 169 கிலோமீட்டர் ஓடி இங்கே கடலில் சேர்கிறது. நிலம்பூர் தேக்கின் பெயர் நம் ஊர்த் தச்சர்கள் எல்லோருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அந்தத் தேக்கு ரோட்டில் லாரி ஏறுவதற்கு முந்தைய காலத்தில் கட்டுமரமாகப் பிணைத்து இந்த ஆற்றில் மிதக்கவிட்டே கொண்டுவந்தார்கள் என்பது அவருக்குப் புதிது. மரம் தானாக வந்து நிற்கும் இடம், எதிரே கடல், பக்கத்திலேயே கல்லாயி மரச்சந்தை. இங்கே கப்பல் கட்டாமல் வேறு எங்கே கட்டுவார்கள்?

இன்னொன்றும் சொன்னார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மலபார்த் தேக்குக்கு அடிபிடி. பம்பாய்க் கப்பல் தளத்தில் ஆங்கிலேயக் கடற்படைக்காக வாடியா குடும்பத்தார் கட்டிய கப்பல்களுக்கு மரம் போனது இந்தக் கரையிலிருந்துதான். 1817இல் அப்படி மலபார்த் தேக்கில் கட்டிய 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல் இன்னமும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது. திரிகோணமலையின் பெயரைத் தாங்கிய கப்பல் அது. காட்டை வெட்டிக்கொண்டே போனதில் மரம் தீர்ந்துவிடும் என்ற பயம் வர, மலபார் கலெக்டராக இருந்த கொனோலி 1840களில் நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்க ஏற்பாடு செய்தார். நட்டு வளர்த்துக் காட்டியவர் சாத்து மேனோன். உலகத்திலேயே பழைய தேக்குத் தோட்டம் அது. கப்பலுக்காகத்தான் அந்தத் தோட்டமே பிறந்தது என்று தெரிந்துகொண்டு பட்டறைக்குள் நுழைந்தால், அங்கே அடுக்கி வைத்திருக்கிற பலகைகளைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கிறது.

பட்டறை என்றதும் பெரிய இரும்பு கேட்டு, காவலாளி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு சந்து, அதன் கடைசியில் ஆறு, ஆற்றை நோக்கி முகம் வைத்தபடி ஒரு உரு. முதலில் கண்ணில் பட்டது அதன் வயிறுதான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு மூன்று மாடி வீட்டு உயரத்துக்குப் பலகைகள் வளைந்து வளைந்து மேலே போகின்றன. இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்த மரங்கள், மேலே ஏறச் சரிவாகப் போட்ட பலகை, எங்கும் மரத்தூள். மர வாசனையோடு மீன் எண்ணெய் வாசனையும் கலந்து வரும். பலகைக்கு மீன் எண்ணெய் பூசுவது இங்கே பழைய வழக்கம். வெயிலிலும் உப்பிலும் மரம் வெடிக்காமல் இருக்க அது வேண்டும். வாசனை ஒத்துக்கொள்ளாதவர்கள் வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

அப்பா நேராகப் போய் இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் கட்டைவிரலை வைத்து நீளத்துக்கு இழுத்துப் பார்த்தார். பலகை மேல் பலகை ஏறாமல், ஓரத்தோடு ஓரம் உட்கார்ந்திருந்தது. நம் வீட்டு வேலையில் இரண்டு பலகையை ஒட்டுவதென்றால் இரண்டும் நேர்ப்பலகை. இங்கே ஒவ்வொரு பலகையும் நீளவாக்கிலும் வளைகிறது, அகலவாக்கிலும் முறுக்கிக்கொள்கிறது. அப்படி இருந்தும் அந்த மூட்டில் அவர் நகம் இறங்கவில்லை. "இழைப்புளியை எப்படிடா பிடிச்சிருப்பாங்க" என்று அவர் தனக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டு, மேலே வேலையில் இருந்த மேஸ்திரி இறங்கி வந்தார். நம் கடலோரத்தில் கப்பல் தச்சரை ஓடாவி என்பார்களே, அந்த வேலைக்காரர்தான். சேட்டனுக்கு மர வேலையா என்று கேட்டார், ஆமாம் என்றதும் எங்களை உள்ளே கூட்டிப்போய்விட்டார். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் மாஷுக்கே வேலை இல்லை. ஒருவர் மலையாளம், ஒருவர் கொங்குத் தமிழ், மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. உங்கள் குழுவில் கையால் வேலை செய்கிற யாராவது இருந்தால், வெல்டரோ கொத்தனாரோ தையல்காரரோ, அவரை முன்னால் அனுப்புங்கள். நம் கேள்விகளுக்குக் கிடைக்காத பதில் அவர் கேள்விக்குக் கிடைக்கும்.

உருவைப் பற்றி எங்கே பார்த்தாலும் ஒரே வாக்கியம் இருக்கும்: "வரைபடமே இல்லாமல் மேஸ்திரியின் மனக்கணக்கிலேயே கட்டுகிறார்கள்." இதைக் கேட்டுக் கேட்டு, அது ஏதோ மந்திரம் மாதிரி ஒரு எண்ணம் எனக்கு இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்தால் அது மந்திரமே இல்லை, அதைவிட மேலானது. காகித வரைபடம் இல்லை என்பது சரிதான். ஆனால் கணக்கு இருக்கிறது, கண்டிப்பான கணக்கு. கோல், விரல் என்ற பழைய தச்சு அளவில்தான் பேசிக்கொள்கிறார்கள். 24 விரல் ஒரு கோல். ஏரா என்கிற அடிக்கட்டையின் நீளத்தை முடிவு செய்துவிட்டால் அகலம் இவ்வளவு, அணியம் என்கிற முன்பக்கம் இவ்வளவு எழும்ப வேண்டும், அமரம் என்கிற பின்பக்கம் இவ்வளவு சாய வேண்டும் என்று ஒன்றிலிருந்து ஒன்று வந்துவிடும். அந்த விகிதங்கள் அப்பன் மகனுக்கு, மாமன் மருமகனுக்கு என்று வாய்வழியாக வந்தவை. நூல் பிடிக்கிறார்கள், சாக்கட்டியில் கோடு இழுக்கிறார்கள், வளைவுக்கு மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து வைத்துப் பார்க்கிறார்கள், சரியில்லை என்றால் கழற்றிவிட்டு மறுபடி செதுக்குகிறார்கள். அப்பா சொன்னது: "தேர் செய்யறதும் இப்படித்தான். அளவு தெரிஞ்சவனுக்குப் படம் எதுக்கு?"

கட்டும் வரிசையும் கவனிக்க வேண்டியது. ஐரோப்பியப் பழக்கத்தில் முதலில் எலும்புக்கூடு மாதிரி வங்குக்கால்களை நிறுத்திவிட்டு அதன் மேல் பலகை போர்த்துவார்கள். இங்கே பழைய முறையில் ஏரா போட்டு, முன்னும் பின்னும் கட்டை நிறுத்தி, முதலில் பலகைகளை ஒன்றோடு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே மேலே போவார்கள்; அந்தக் கூட்டுக்குள் வங்குகளைச் செதுக்கிப் பொருத்துவது பிறகுதான். அதாவது கப்பலின் வடிவத்தைப் பலகையே தீர்மானிக்கிறது. பலகையைச் சூடு காட்டி வளைக்கிறார்கள். வங்குக்கு நேராக வளர்ந்த மரத்தை அறுத்து வளைவாக்குவதில்லை, இயல்பாகவே வளைந்து வளர்ந்த மரத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். நார் வெட்டுப்படாமல் வளைவோடு சேர்ந்து ஓடினால்தான் பலம். ஒரு மூலையில் அப்படிக் கோணல் மாணலாகக் கிடந்த கட்டைகளை விறகு என்றுதான் நினைத்தேன்; அவைதான் அங்கே இருப்பதிலேயே கவனமாகத் தேர்ந்தெடுத்த மரங்கள்.

பலகைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்கை அடைப்பதற்குக் கலப்பத்து என்று பெயர், தூத்துக்குடித் தோணி வேலையிலும் அதே சொல்தான். எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியைச் சந்தில் வைத்து, மழுங்கிய உளியை அதன் மேல் பிடித்து, கொட்டாப்புளியால் தட்டித் தட்டி இறக்குகிறார்கள். அதைச் செய்துகொண்டிருந்த பெரியவர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கையைப் பார்க்காமல் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். முதலில் சத்தம் பொதபொதவென்று வந்தது. தட்டத் தட்ட அது இறுகி, கடைசியில் கட்டையைக் கட்டையால் தட்டுகிற மாதிரி ணங்கென்று கேட்டது. அப்போது அவர் உளியை நகர்த்திவிட்டார். ஒரு உருவில் இப்படி எத்தனை ஆயிரம் அடி நீளம் சந்து இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அத்தனையும் காதால் கேட்டு அடைப்பது. ஆணி அடிக்கும்போதும் தலைக்குக் கீழே பஞ்சு நூலைச் சுற்றியே அடிக்கிறார்கள், ஆணி வழியாகவும் தண்ணீர் உள்ளே வரக்கூடாது. பட்டறையில் நீங்கள் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றால் கலப்பத்துக்கு ஒதுக்குங்கள்.

ஆணி வந்தது பிற்பாடு. அதற்கு முன்னால் இந்தக் கடல் முழுக்கக் கப்பலைத் தென்னங்கயிற்றால் தைத்துத்தான் கட்டினார்கள். அந்த வேலை முழுசாக மறைந்துவிடவில்லை. 1980இல் ஓமானில் 'சோஹார்' என்ற தைத்த கப்பலை ஆணியே இல்லாமல் கட்டி, மஸ்கட்டிலிருந்து சீனாவரை ஓட்டிப்போனார்கள். மரம் மலபார்க் கரையிலிருந்து போனது. சமீபத்தில் 2025 மே மாதம் இந்தியக் கடற்படையில் சேர்த்த 'கௌண்டின்யா'வும் தைத்த கப்பல்தான். கோவாவில் அதைத் தைத்தவர்கள் கேரளத்துக் கைவினைஞர்கள்.

சரி, பட்டறைக்குள் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அடி தடிமனான செருப்போ ஷூவோ போடுங்கள், தரை முழுக்க ஆணியும் சிராயும். மேஸ்திரி சொல்லாமல் சரிவுப் பலகையில் ஏறாதீர்கள். முட்டுக் கட்டைகளில் சாய்ந்து நிற்கவே கூடாது. படம் எடுக்கும் முன் கேளுங்கள். வெளிநாட்டுக்காரர் ஆர்டர் கொடுத்துக் கட்டுகிற உருவென்றால் உள்ளே எடுக்க வேண்டாம் என்று சொல்வதுண்டு, அது நியாயம்தான். காலை எட்டரை, ஒன்பதுக்குள் போய்விட்டால் எல்லாரும் வேலையில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் வெறும் மரத்தைத்தான் பார்க்கலாம், வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். மழைக் காலத்தையும் தவிர்க்கலாம். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, அப்போது மீன்பிடித் துறைமுகமும் ஓய்ந்து கிடக்கும். டிசம்பர் கடைசியில் 2021 முதல் நீர்த் திருவிழா நடத்துகிறார்கள். பட்டமும் படகுப் போட்டியும் பார்க்க நல்ல சமயம், ஆனால் பட்டறையில் நிதானமாகப் பேச ஏற்ற சமயம் கிடையாது. கிளம்பும்போது காசை நீட்டுவதைவிட, பக்கத்துக் கடையில் எல்லாருக்கும் சுலைமானியும் பழம்பொரியும் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முறை என்று மாஷ் சொன்னார். அப்படித்தான் செய்தோம், அந்த டீ நேரத்தில்தான் பாதிக் கதைகளும் வந்தன.

கலாசிகளைப் பற்றி விரிவாகக் கேட்டதும் அங்கேதான். உருவைக் கட்டுகிற மேஸ்திரிகள் பெரும்பாலும் இந்துத் தச்சர் குடும்பத்தினர். கட்டி முடித்த உருவைத் தண்ணீரில் இறக்குகிறவர்கள் மலபார் முஸ்லிம்களான மாப்பிள்ளைமார், அவர்களுக்குத்தான் கலாசி என்று பெயர். வாங்குகிறவர் அரபு நாட்டுக்காரர். இந்த மூன்று தரப்பும் பல தலைமுறையாகச் சேர்ந்தே இந்தத் தொழிலை நடத்தி வருகின்றன. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள உருவைக் கிரேன் இல்லாமல், மர உருளைகள், கப்பிகள், தடித்த வடம், ஆட்கள் சுற்றி நின்று தள்ளிச் சுழற்றும் மர ராட்டினம், இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்த்துவார்கள். அவர்களின் தலைவரான மூப்பன் பாட்டெடுப்பார், மற்றவர்கள் ஐலசா என்று ஏற்று இழுப்பார்கள். இதற்கே பல நாள் ஆகும். கடைசி நகர்த்தலை வேலியேற்றத்தின், அதாவது கடல் நீர் ஏறி வருவதன், உச்சத்துக்குச் சரியாகக் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். வயதாகி வேலையை விட்ட ஒரு மூப்பன் எங்களோடு டீ குடித்தார். மண்ணில் விரலால் கோடு போட்டு, வடம் எந்தக் கப்பியில் ஏறி எந்தப் பக்கம் திரும்பும், இழுவை எங்கே இரட்டிக்கும் என்று காட்டினார். கப்பி ஒவ்வொன்று கூடும்போதும் ஆள் பலம் எப்படிப் பெருகுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் எனக்கு அந்தக் கோட்டில்தான் விளங்கியது.

1988 ஜூலை 8 அன்று கொல்லத்துக்குப் பக்கத்தில் பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் விழுந்து 105 பேர் இறந்துபோனார்கள். மூழ்கிய பெட்டிகளைக் கரையேற்ற இந்தக் கலாசிகளையும் கூப்பிட்டார்கள். அவர்கள் கொண்டுபோனது இதே வடமும் இதே கப்பியும். பெரியவர் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சாவு வீட்டில் உதவப் போனதைச் சொல்வது மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

மதியத்துக்கு மேல் ஆற்றைக் கடந்து சாலியத்துக்குப் போனோம். ஆளையும் வண்டியையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகும் ஜங்கார் ஓடுகிறது. சில சமயம் பழுது பார்ப்பு என்று நிறுத்தி வைப்பார்கள், அதனால் காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். நின்றுபோனால் பரோக் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். தண்ணீரின் நடுவிலிருந்து பார்க்கும்போதுதான் ஊரின் அமைப்பு பிடிபடும்: ஒரு பக்கம் துறைமுகமும் மீன்பிடிப் படகுகளும், மேலே ஆற்றோரம் உரு கொட்டகைகள், எதிரே கலங்கரை விளக்கம். இந்த முகத்துவாரம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கையில்தான் ஆற்று வழியாக வரும் மரமும் மிளகும்.

போர்த்துகீசியர்களுக்கு அது புரிந்திருந்தது. 1531இல் சாலியத்தில் கோட்டை கட்டினார்கள், கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரிக்குக் கூப்பிடு தூரத்தில். 40 வருஷம் கழித்து, 1571இல், சாமூதிரியின் படை முற்றுகையிட்டுப் பிடித்து, கல் கல்லாக இடித்துப் போட்டது. அதனால் பார்க்க அங்கே கோட்டை இல்லை. இடித்த கோட்டையின் மரமும் கல்லும் கோழிக்கோடு குற்றிச்சிராவிலுள்ள மிஷ்கால் பள்ளிவாசலைப் புதுப்பிக்கப் போயின என்று சொல்கிறார்கள். 1510இல் போர்த்துகீசியர் தீ வைத்த பள்ளி அது. ஆகவே சாலியம் கோட்டையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மறுநாள் குற்றிச்சிராவுக்குப் போகலாம்.

எனக்கு சாலியத்தில் பிடித்தது ரயில் கதை. இன்றைய கேரளத்தில் முதல் ரயில் ஓடியது 1861 மார்ச் 12 அன்று, திரூரிலிருந்து பேப்பூருக்கு. அடுத்த வருஷம் போத்தனூர் வழியாக மெட்ராஸ் வரை பாதை சேர்ந்துவிட்டது. ராயபுரத்தில் ஏறியவருக்கு மேற்குக் கடற்கரையில் கடைசி ஸ்டேஷன் பேப்பூர் என்று பெயர் போட்ட இந்த இடம்தான், ஆற்றின் தென்கரையில் சாலியத்தில் இருந்தது. கோழிக்கோடு போக வேண்டியவர்கள் இங்கே இறங்கிப் படகில் அக்கரை போனார்கள். ஆற்றுக்குப் பாலம் போட்டு 1888இல் கோழிக்கோட்டுக்கே ரயில் போய்விட்ட பிறகு இந்த ஸ்டேஷனின் தேவை குறைந்து, பாதையும் போய்விட்டது. நாங்கள் காலையில் வந்த ரயில் போத்தனூர், பாலக்காடு, ஷொரணூர், திரூர் என்று அந்தப் பழைய பாதையிலேயேதான் வந்தது. மாஷ் இதைச் சொன்னதும் அப்பாவுக்கு இந்த ஊர் சட்டென்று பக்கத்து ஊராகிவிட்டது. 1956 வரை மலபார் மெட்ராஸ் மாகாணத்து ஜில்லாதானே.

இன்னொரு கண்ணியும் உண்டு. கடலூர்ப் பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் 1830இல் இரும்பாலை தொடங்கிய ஹீத் என்ற ஆங்கிலேயரின் கம்பெனி, அந்தப் பத்தாண்டிலேயே பேப்பூரிலும் ஓர் உலை போட்டது. கரிக்கு வேண்டிய மரம் ஆற்றில் மிதந்து வந்துவிடும், செய்த இரும்பைக் கப்பலில் ஏற்றிவிடலாம் என்ற கணக்கு. கிழக்குக் கடற்கரையில் நம் துறைமுகம் ஒன்றும் மேற்கில் இந்தத் துறைமுகமும் ஒரே கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இருந்திருக்கின்றன. பரங்கிப்பேட்டைக்காரர்களுக்கே இது எவ்வளவு தூரம் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்றைய நிலைமையைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. உரு இப்போது சரக்குக் கப்பலாகக் கட்டப்படுவது குறைவு. கத்தார், துபாய் மாதிரி இடங்களில் வசதியானவர்கள் உல்லாசப் படகாக வாங்குகிறார்கள், மிதக்கும் உணவகமாக வாங்குகிறார்கள். இங்கே மரவேலை முடிந்ததும் இழுத்துப்போய், இன்ஜினும் உள் அலங்காரமும் பெரும்பாலும் அங்கேதான் வைக்கிறார்கள். ஒரு உரு முடிய ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். அது முடியும்போது அடுத்த ஆர்டர் கையில் இல்லை என்றால் ஆட்கள் கட்டட வேலைக்கும் மரச்சாமான் கடைக்கும் போய்விடுகிறார்கள், போனவர்களில் பலர் திரும்புவதில்லை. தேக்கு விலை ஏறியதில் இறக்குமதி மரமும் சேர்ந்துவிட்டது. மேஸ்திரிக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு பேரும் இந்த வேலையில் இல்லை. இதை அவர் அப்பாவிடம் சொன்னபோது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் தச்சு வேலைக்கு வரவில்லை.

போகிறவர்கள் அவர்களுக்கு உதவியாக இருக்க ஒரு வழி உண்டு. வேலை இல்லாத நாட்களில் இந்தக் கைவினைஞர்கள் சின்ன உரு செய்கிறார்கள், ஒரு சாண் நீளத்திலிருந்து மேஜை அளவுவரை. 2022இல் கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது இங்கிருந்து நிறையப் போனதாம். கடற்கரைக் கடையில் வாங்காமல் செய்கிறவர் வீட்டிலேயே வாங்குங்கள், மாஷ் மாதிரி ஆள் கூட இருந்தால் கூட்டிப்போவார். வாங்கும்போது அடியைத் திருப்பிப் பாருங்கள்: ஒரே கட்டையைக் குடைந்ததா, அல்லது ஏரா போட்டு, தனித்தனிப் பலகை சேர்த்து, உள்ளே வங்கு வைத்ததா என்று தெரியும். இரண்டாவது வகைக்கு விலை கூடத்தான், அதற்குப் பேரம் பேசாதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போக வழி சுலபம். சென்னையில் ராத்திரி மங்களூர் மெயில் ஏறினால் காலையில் கோழிக்கோடு. கோவையிலிருந்து நாலு மணி நேரம் போல ஆகும். வண்டி பரோக்கில் நிற்குமென்றால் அங்கேயே இறங்கிவிடுங்கள், பேப்பூருக்கு அது இன்னும் பக்கம். காலையில் பட்டறை, மதியம் கல்லுமக்காய் வறுவலோடு சோறு, பிறகு ஜங்காரில் சாலியம், சாயங்காலம் புலிமுட்டு. இந்த வரிசையில் போனால் ஒரே நாளில் முடியும். இன்னொரு நாள் இருந்தால் ஷொரணூரிலிருந்து பிரிகிற பாதையில் நிலம்பூருக்குப் போய்விடுங்கள். தேக்கு அருங்காட்சியகமும் கொனோலி தோட்டமும் பார்த்தால் காலையில் ஆற்றங்கரையில் கேட்டது முழுமையாகும்.

உருவை நீரில் இறக்குவதைப் பார்க்க ஆசைப்பட்டால், அதற்குத் தேதி அறிவிப்பு எதுவும் வராது. பட்டறைக்காரர்களோடு பழக்கம் வைத்துக்கொண்டு அவ்வப்போது போனில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். நாங்களும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம், ஒரு வேண்டுகோள். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து இன்றும் மரத் தோணிகள் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகின்றன. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' அமெரிக்கர் ஒருவர் கைக்குப் போய், நம் தமிழ் மாலுமிகளோடு கடல் கடந்து, 1938இல் மாசசூசெட்ஸில் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இந்த இரண்டு கரைகளிலும் ஓடாவிகளையும், கப்பலோட்டும் தண்டையல்களையும் நேரில் தெரிந்த யாராவது, ஆறேழு பேரை இப்படி நடத்திக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் தயவுசெய்து சொல்லுங்கள். அப்பாவும் நானும் வருகிறோம்.